கேட்டால் சொல்லிப்போடுவா

அவருடைய பெயரை நான் எத்தனையோ படிவங்களில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். ஒருநாளும் பிழையில்லாமல் சொன்னதில்லை. வியட்நாம் மொழியில் ஒரு சொல்லைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருளாம். முதல் நாள் நான் மரியாதையாக எழுந்து நின்று அவரைப் பெயர் சொல்லி வரவேற்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "இப்போது நீங்கள் சொன்னது ஒரு மரக்கறி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டாம் தடவை மிகக் கவனமாகச் சொன்னேன். "இது கெட்ட வார்த்தை" என்றார். அன்றோடு அவரைப் பெயர் சொல்லி அழைப்பதை விட்டுவிட்டேன். இங்கேயும் விட்டுவிடுகிறேன். எழுத்தில் என்ன பொருள் வந்து தொலைக்குமோ, யார் கண்டது.

எங்கள் நிலையம் புளியங்கூடலில் கடற்கரையோடு ஒட்டியிருந்தது. தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை, உள்ளே வரிசையாகத் தொட்டிகள், கடல் தண்ணீரை இழுத்துத் தரும் மோட்டர், ஓயாமல் காற்று ஊதும் குழாய்கள். நாங்கள் கடலட்டைக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறவர்கள். கடலட்டை என்பது கடலடியில் கிடக்கும், கத்தரிக்காய்க்கு உயிர் வந்தது போன்ற ஒரு பிராணி. எங்கள் ஊரில் யாரும் அதைத் தின்பதில்லை. அவித்துக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் நல்ல விலை. கடலில் பிடித்துப் பிடித்துக் குறைந்துபோனதால் இப்போது தீவுகளைச் சுற்றி வேலி அடித்துப் பண்ணையாக வளர்க்கிறார்கள். வளர்க்கக் குஞ்சு வேண்டும். அட்டையைக் குஞ்சு பொரிக்க வைப்பது லேசான காரியமில்லை. அது தெரிந்தவர் என்றுதான் அவரை வியட்நாமிலிருந்து முதலாளி வரவழைத்தார்.

அவருக்கு விசா எடுத்துக் கொடுப்பது என் உத்தியோகம். மேசையில் 'நிர்வாக உத்தியோகத்தர்' என்று பலகை இருந்தது. நிர்வாகம் செய்ய அங்கே வேறொன்றும் இருக்கவில்லை. நான் பக்கத்துத் தீவில் இறுப்பிட்டி ஊர்க்காரன். அப்பாவின் கடை தென்பகுதிப் பட்டினம் ஒன்றில் இருந்தது. அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்தே சிங்களம் படித்தேன். பிறகு கொழும்பில் ஒரு கம்பனியில் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலை. சொந்தக்காரர்கள் எல்லாரும் கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று போய்விட்டார்கள். நான் போகவில்லை. ஊர்ப்பற்று என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் என் விசா விண்ணப்பம் இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டது. தனக்கே விசா எடுக்கத் தெரியாத ஒருவனைத்தான் முதலாளி ஊரெல்லாம் விசாரித்து, மற்றவருக்கு விசா எடுக்கிற கதிரையில் கொண்டுவந்து இருத்தினார்.

அவர் குட்டையான, திடமான பெண். என் வயதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆங்கிலம் அரைகுறை. தமிழ் வந்த விதம் எனக்கு இன்றும் வியப்புத்தான். மண்டைதீவிலிருந்து பேருந்தில் வந்து தொட்டி கழுவும் ஐந்து பெண்கள் எங்களிடம் வேலை செய்தார்கள். அவர்களோடு நின்று நின்று, தடிமன் தொற்றுவது போல அவருக்குத் தமிழ் தொற்றிவிட்டது. எங்கள் பக்கத்தில் சமமானவர்களுக்குச் சொல்லும் 'நீர்' என்றே அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் அழைப்பார்கள். இவரும் எல்லாரையும் 'நீர்' என்றார். முதலாளியையும்தான்.

"முதலாளி, நீர் வாரும். தண்ணி ஊத்தை. நீர் வந்து பாரும்."

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவவுக்குக் கொஞ்சம் மரியாதைத் தமிழ் சொல்லிக் குடும்" என்றார். நான் போய், பெரியவர்களை 'நீங்கள்' என்று சொல்ல வேண்டும் என்று விளக்கினேன். அவர் யோசித்தார்.

"'நீங்கள்' எண்டால் கன பேர். முதலாளி ஒரு ஆள்தானே?"

நான் இலக்கணத்தோடு வாதாடவில்லை. முதலாளி கடைசிவரை ஒரு ஆளாகவே இருந்தார்.

அவர் வந்த புதிதில் சனம் அவரைச் 'சீனாக்காரி' என்றது. ஒருநாள் ஊர்காவற்றுறைப் பேருந்தில் நானும் அவரும் வந்துகொண்டிருந்தோம். நாங்கள் இறங்கும் இடம் வந்ததும் நடத்துநர் சாரதியைப் பார்த்து, "பொறும் அண்ணை, சீனாக்காரி இறங்கோணும்" என்று கத்தினார். இவர் எழும்பவில்லை.

"இறங்குங்கோ அம்மா, உங்கடை இடந்தான்" என்றார் நடத்துநர்.

"சீனாக்காரி முதல்லை இறங்கட்டும்" என்றார் இவர். "நான் வியட்நாம்."

பேருந்தே சிரித்தது. நடத்துநர், "வியட்நாம் அம்மா, இறங்குங்கோ" என்று திருத்திச் சொன்ன பிறகுதான் எழுந்தார். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் வெட்கப்பட்டவன் நான் ஒருவன்தான். ஏனென்று இன்றைக்கும் தெரியவில்லை.

தொட்டி கழுவும் பெண்களில் மூத்தவர் சுகந்தி. வியட்நாம் அம்மாவைப் பற்றி ஒரே வரியில் சுகந்திதான் சொன்னார்: "அண்ணை, அவவிட்டை கவனமாக் கேளுங்கோ. கேட்டால் சொல்லிப்போடுவா." அதுதான் உண்மை. தானாக வந்து யாருக்கும் குறை சொல்ல மாட்டார். கோள் சொல்ல மாட்டார். கேள்வி என்று ஒன்று கேட்டுவிட்டால் மட்டும், கேட்டதற்கு உள்ள பதிலை உள்ளபடி தருவார். நாங்கள் கேட்கிற கேள்விகளில் பாதிக்குப் பதில் தேவையில்லை என்பது அவருக்கு விளங்கவேயில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். என் மனைவி பனங்கிழங்கு மாவில் மீன் போட்டு ஒடியல் கூழ் காய்ச்சினார். என் மனைவியின் கூழ் எங்கள் பக்கத்தில் பெயர் போனது. அவர் ஒரு கோப்பை குடித்தார், இன்னொரு கோப்பை வாங்கிக் குடித்தார். என் மனைவிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"எப்பிடி இருக்கு?"

"கூழ் நல்லம்" என்றார் அவர். "மீன் பழசு."

என் மனைவி அகப்பையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். மீன் வாங்கியது நான். விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தை கலைகிற நேரத்தில் வாங்கி, காலையில் வாங்கியதாகச் சொல்லியிருந்தேன். பிறகு பல கிழமைகளுக்கு என் மனைவி, "அந்நிய தேசத்து ஆளுக்கு விசா எடுக்கிறவர், ஒரு மீன் எடுக்கத் தெரியேல்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரை மட்டும் மறுபடி மறுபடி வீட்டுக்குக் கூப்பிட்டார். "அவ நல்லம் எண்டால் நல்லந்தான்" என்பார். நான் நல்லது என்று சொன்னால் அதற்கு வீட்டில் மதிப்பில்லை. நான் எல்லாவற்றையும் நல்லது என்பவன்.

அவருடைய இந்தக் குணம் முதலாளியை ஒருநாள் நன்றாகச் சுட்டது. எங்கள் குஞ்சுகளை வளர்க்கக் கடலுக்குள் வேலி அடிக்க முதலாளி வாய்க்கால் பக்கம் ஓரிடத்தைப் பார்த்து வைத்திருந்தார். கரையோரத்துக் கடற்றொழிலாளர் பத்து இருபது பேர் திரண்டு வந்தார்கள். தடி நட்டு இறாலுக்கு வைக்கும் சிறகுவலைதான் அவர்களுடைய சீவியம். வேலி வந்தால் இறால் வராது என்பது அவர்கள் பயம்.

"ஒரு பாதிப்பும் வராது" என்றார் முதலாளி. "விஞ்ஞான ரீதியா எல்லாம் பாத்துத்தான் செய்யிறம்." நான் பக்கத்தில் நின்று, விஞ்ஞானமே என் சட்டைப்பையில் இருப்பது போலத் தலையாட்டினேன்.

அவர்களுடைய சங்கத் தலைவர் எங்களைப் பார்க்கவேயில்லை. தொட்டியடியில் நின்ற அவரைப் பார்த்தபடியே எங்களுக்குச் சொன்னார்: "உங்களைக் கேக்கேல்லை. அந்த அம்மாவைக் கேக்கிறம். அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. வாய்க்கால் பக்கம் வேலி அடிச்சா எங்களுக்கு இறால் குறையுமோ?"

முதலாளி என் கையைப் பிடித்தார். நான் ஏதாவது செய்வேன் என்று நினைத்தாராக்கும்.

"ஓம், குறையும்" என்றார் அவர். "அந்த வழியாலைதான் இறால் வாறது."

கூட்டத்தில் இரைச்சல் கிளம்பியது. முதலாளிக்கு வேர்த்து ஊற்றியது. தலைவர் கையைக் காட்டிக் கூட்டத்தை அடக்கிவிட்டு, "அப்ப மற்றப் பக்கம், கல்லுக்கு அங்காலை?" என்று கேட்டார்.

"அங்கை பிரச்சினை இல்லை. அங்கை சேறு நல்லம். அட்டைக்கும் அதுதான் நல்லம். முதலாளிக்குத் தூரம். எண்டபடியால் விருப்பமில்லை."

வந்தவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். முதல் பதிலை அவர் அப்படிச் சொன்னபடியால் இரண்டாம் பதிலை நம்பினார்கள். வேலி கல்லுக்கு அப்பால் போனது. அதற்குப் பிறகு ஒருவரும் எங்கள் வாசலுக்கு வந்து கத்தவில்லை. சில மாதங்கள் போனதும், வேலியை அங்கே அடித்தது தன் யோசனைதான் என்று முதலாளி ஆட்களுக்குச் சொல்லத் தொடங்கினார். அப்போதும் நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இன்னொரு நாள் ஓர் அரசாங்கத் திணைக்களத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், வெளிநாட்டு நிபுணர் உண்மையில் வேலை செய்கிறாரா என்று பார்க்க. நான் சப்பாத்தும் நீளக்கைச் சட்டையுமாக நின்றேன். அவர் முழங்காலுக்கு மேலே சேற்றோடு, தலையில் துவாய் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவர்கள் நேரே என்னிடம் வந்து கைகொடுத்தார்கள். எனக்கும் மறுக்க மனம் வரவில்லை. அட்டை என்ன சாப்பிடும் என்று என்னைக் கேட்டார்கள். "பாசி" என்று கம்பீரமாகச் சொன்னேன். பிறகு அவர்களில் இளையவர் அவர் பக்கம் திரும்பி, தேத்தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார்.

"சுகந்தி போடும்" என்றார் அவர். "நான் போட்டா வாயிலை வைக்க ஏலாது. மற்றது, பாசி குஞ்சுக்கு. பெரிசு சேறுதான் தின்னும். இவருக்குத் தெரியாது. இவர் விசா."

அன்றிலிருந்து பெண்கள் என்னை முதுகுக்குப் பின்னால் 'விசா அண்ணை' என்று கூப்பிட்டதாகக் கேள்வி.

முதல் இரண்டு வருஷமும் விசா புதுப்பிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. சிபாரிசுக் கடிதம், பொலிஸ் அறிக்கை, வைத்தியப் பரிசோதனை, மொழிபெயர்த்த சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் கட்டி, மேலே என் கடிதத்தை வைப்பேன். அந்தக் கடிதம்தான் என் பெருமை. உள்ளூரில் இந்த வேலை தெரிந்தவர் இல்லை என்று காட்டினால்தான் வெளிநாட்டவருக்கு விசா. நான் வெறுமனே 'இல்லை' என்று எழுதுகிறவனா? 'இந்நாட்டில் எவருக்கும் கைவராத, பத்தாண்டுக் காலப் பயிற்சியின்றி எவராலும் கைவரப்பெறவும் முடியாத நுண்ணிய தொழில்நுட்பம்' என்று ஆங்கிலத்தில் எழுதி, எழுதியதை நானே உரக்க வாசித்து மகிழ்ந்தேன். மூன்றாம் வருஷமும் அதையே எழுதி அனுப்பினேன். இம்முறை, நிபுணரை நேரில் கூட்டிக்கொண்டு வரும்படி கொழும்பிலிருந்து பதில் வந்தது.

அந்த ஒரு வருஷம் அவருக்குத் தேவையாக இருந்தது. அவருடைய மகள் ஊரில் மருந்தாளர் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை. இதெல்லாம் சுகந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கேட்டதில்லை.

முதலாளியும் என்னைக் கூப்பிட்டார். "இந்தமுறை விசா கிடைக்காட்டி நிலையத்தை என்ன செய்யிறது எண்டு நான் பிறகு யோசிப்பன். அது கிடக்கட்டும். அவ போனால் உமக்கு இஞ்சை என்ன வேலை?"

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

ஆகவே கொழும்பில் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குப் பயிற்சி கொடுக்க முடிவு செய்தேன். என் மேசைக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு அவரை இருத்தி, நான் அதிகாரியானேன். குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டேன்.

"இந்த வேலை தெரிஞ்ச ஆக்கள் இலங்கையிலை இருக்கினமோ?"

"இருக்கினம்."

"இல்லை எண்டு சொல்லோணும்."

"ஏன்? சுகந்தி இருக்கு. போனமுறை சுகந்திதான் பொரிக்க வைச்சது. நான் சும்மா பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அது எங்களுக்குத் தெரியும். அவைக்குத் தெரியத் தேவையில்லை."

"அவை கேட்டால்?"

அன்று பின்னேரம்வரை முயன்றேன். தொட்டியடியில் நின்ற பெண்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நான் கதைப்பேன், அவர் பேசாமல் இருப்பார். "கேக்காட்டி சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுத்தார். அது எவ்வளவு மோசமான வாக்கு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கொழும்பில் எங்களைப் பார்த்தவர் ஒரு பெண் அதிகாரி. கண்ணாடி போட்ட, அமைதியான மனுஷி. நான் என் கல்லாப்பெட்டிச் சிங்களத்தில் வணக்கம் சொல்லி, ஆங்கிலத்துக்கு மாறி, கடலட்டையின் பொருளாதாரம் பற்றி நீளமாகப் பேசினேன். அதிகாரி என் கடிதத்தை முழுவதும் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்துவிட்டு, என்னைத் தாண்டி இவரைப் பார்த்தார்.

"உங்களைத் தவிர இந்த வேலை தெரிந்தவர் இங்கே யாராவது இருக்கிறார்களா?" ஆங்கிலத்தில், மெதுவாக, விளங்கும்படி கேட்டார்.

நான் செருமினேன். கதிரையை இழுத்துச் சத்தம் போட்டேன். இவர் என்னைக் கவனிக்கவில்லை.

"ஐந்து பேர்" என்றார். "ஒருவர் மிக நல்லம். இரண்டு பேர் நல்லம். மற்ற இரண்டு பேர் பரவாயில்லை, பேச்சு அதிகம்."

"அவர்களுக்கு யார் படிப்பித்தது?"

"நான்."

"எவ்வளவு காலம் எடுத்தது?"

"இரண்டு வருஷம்."

அதிகாரி என் கடிதத்தைத் திரும்பப் பார்த்தார். "இதில் பத்து வருஷம் வேண்டும் என்று எழுதியிருக்கிறதே?"

இவர் என்னை ஒரு கணம் பார்த்தார். நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முயல்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. "இவருக்கு என்றால் பத்து வருஷம் வேண்டும்" என்றார்.

அந்த அமைதியான மனுஷி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. சிரித்து முடிந்ததும் அதிகாரி வருத்தமாகவே சொன்னார். உள்ளூரில் ஆட்கள் இருக்கும்போது இன்னொரு வருஷம் கொடுக்க விதியில் இடமில்லை. வேலையை ஒப்படைத்துவிட்டுப் போக மூன்று மாதம் தரலாம். இவர் எழுந்து நன்றி சொன்னார். வெளியே வந்ததும், "நல்ல மனுசி" என்றார் என்னிடம். "வடிவாக் கேட்டா."

நாங்கள் வந்த வான் வண்டி ஊருக்குத் திரும்பியது. நான் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் ஜன்னலால் வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வவுனியா தாண்டி ஒரு தேநீர்க் கடையில் சாரதி வானை நிறுத்தினார். ஆளுக்கொரு தேத்தண்ணீரோடு மர வாங்கில் உட்கார்ந்தோம். நான் இன்னும் முடிக்கவில்லை.

"ஒரே ஒரு சொல்லு. 'இல்லை.' அதைச் சொல்ல ஏலாமல் போச்சோ உங்களுக்கு?"

"அவ கேட்டா."

"கேட்டால்? உங்கடை மகளின்ரை படிப்பை யோசிச்சியளோ? என்னை யோசிச்சியளோ?"

"இல்லை எண்டு சொன்னா, சுகந்தி ஆர்?" என்றார் அவர். "அங்கை நிக்கிற அஞ்சு பேரும் ஆர்?"

நிர்வாக உத்தியோகத்தர் செய்யக்கூடியதைச் செய்தேன்: தேத்தண்ணீரை ஊதிக் குடித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்: "நீர் கொழும்பிலை இருந்து கதைச்சுக்கொண்டு வாறீர். ஒண்டும் கேக்கேல்லை."

"என்ன கேக்கிறது?"

"எனக்குக் கவலையோ எண்டு."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். இரண்டு வருஷத்துக்கு மேலாக இந்த மனுஷியின் பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், இரத்த வகை எல்லாம் எனக்கு மனப்பாடம். அதைத் தவிர ஒன்றும் தெரியாது.

"கவலையோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். "கனக்க."

பிறகு அழுதார். சத்தமில்லாமல், முகத்தை மறைக்காமல் அழுதார். கடைக்காரர் என்னை முறைத்துப் பார்த்தார். முகம் துடைக்க என் லேஞ்சியை எடுத்துக் கொடுத்தேன். அது சுத்தமாக இல்லை என்று அவரே பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். தன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்கை கடற்கரையிலை எல்லாருக்கும் இந்த வேலை தெரியும்" என்றார். "அங்கை நான் சும்மா ஒரு ஆள். இஞ்சை எல்லாரும் என்னட்டைக் கேக்கினம்."

மிச்சப் பயணத்தில் அவர் நித்திரை கொண்டார்.

அந்த மூன்று மாதமும் அவர் ஐந்து பெண்களையும் பிழிந்து எடுத்தார். தொட்டிப் பக்கம் தான் போகமாட்டார், எட்ட நின்று பார்ப்பார். சுகந்தி அந்த நாட்களில் ஒருதரம் அவரிடம், "உங்களுக்கு முதலாளி எவ்வளவு சம்பளம் தாறவர்?" என்று கேட்டிருக்கிறார். கேட்டால் சொல்லிப்போடுவாரே. மறுநாள் சுகந்தி முதலாளியின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். தான் இனித் தொட்டி கழுவுகிற ஆள் இல்லை, பொரிக்க வைக்கிற ஆள், அந்த வேலைக்கு உரிய சம்பளம் வேண்டும் என்றார். முதலாளி உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் கோவையைப் புரட்டினேன். அன்று பின்னேரமே முதலாளி இறங்கி வந்தார். முழுதாக இல்லை, முக்கால்வாசி.

அவர் புறப்பட்ட நாளில் நிலையத்து வாசலில் எல்லாரும் நின்றோம். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் ஒரு பொதி காயவைத்த இறால் கொண்டுவந்தார். என் மனைவி ஒடியல் மாவு கட்டிக் கொடுத்திருந்தார். வான் கதவு திறந்திருந்தது. எல்லாரும் கட்டிப்பிடித்து அழுது ஓய்ந்த பிறகு, சுகந்தி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அக்கா, நான் தனியச் செய்வனோ?"

ஓம் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். ஒருநாளாவது, ஒரே ஒருநாளாவது.

அவர் சுகந்தியைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "முதல் தரம் சாகும்" என்றார். "எனக்கும் செத்தது. ரெண்டாம் தரம் கொஞ்சம் மிஞ்சும்."

வான் போய்விட்டது. எனக்குக் கோபமாக வந்தது. சுகந்தியோ முகத்தைக் கழுவிக்கொண்டு மோட்டரைப் போடப் போனார்.

முதல் தரம் செத்தது. தொட்டி தொட்டியாகக் குஞ்சுகள் ஒன்றும் மிஞ்சாமல் செத்தன. முதலாளி தலையில் கைவைத்தபடி கொட்டகைக்குள் அங்குமிங்கும் நடந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, வேறொரு வெளிநாட்டு நிபுணருக்கு உடனே விண்ணப்பம் போடச் சொன்னார். உள்ளதைச் சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அவர் போன பிறகு எனக்கு மேசையும் பலகையும்தான் மிச்சம். ஓடிப்போய்க் கோவையை எடுத்து, புதுக் கடிதம் ஒன்றை ஆரம்பித்தேன். முதல் பந்தி மிக அழகாக வந்தது.

சுகந்தி ஈரக் கையோடு உள்ளே வந்தார்.

"முதலாளி, முதல் தரம் சாகும் எண்டு அவ சொன்னவ."

"செத்துப் போச்சுத்தானே, பிள்ளை. அதுக்குத்தான் வேறை ஆளை எடுப்பிக்கிறன்."

"அவ சாகும் எண்டது சரியெண்டால், மிஞ்சும் எண்டதும் சரியாத்தான் இருக்கும். ரெண்டாம் தரம் பாத்துப்போட்டு எழுதுங்கோ, அண்ணை" என்று கடைசியை என்னைப் பார்த்துச் சொன்னார்.

முதலாளி சுகந்தியின் ஈரக் கைகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "வையும்" என்றார். நான் பேனையை வைத்தேன். அந்த முதல் பந்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டாம் தரம் சுகந்தி வீட்டுக்குப் போகாமலே கிடந்தார். அவருடைய தாய் வந்து வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். குஞ்சுகள் முதலில் தண்ணீரில் தூசு போல மிதக்குமாம். பிழைத்தவை மட்டும் தொட்டிக்குள் தொங்கவிட்ட தட்டுகளில் வந்து ஒட்டிக்கொள்ளுமாம். ஒருநாள் காலை சுகந்தி என்னைக் கூப்பிட்டார். முதலாளி இன்னும் வந்திருக்கவில்லை. மற்ற நான்கு பெண்களும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சுகந்தி ஒரு தட்டை மெல்ல வெளியே எடுத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"அண்ணை, தெரியுதோ?"

குனிந்து பார்த்தேன். தட்டில் மினுங்கியபடி சின்னச் சின்னதாக ஏதோ வரிசையாக ஒட்டியிருந்தது.

"ஓமோம், தெரியுது" என்றேன். "எவ்வளவு வடிவா இருக்கு. உயிரோடைதான் இருக்கு, அசையுது."

பெண்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். சுகந்தி தட்டை மெதுவாக மறுபக்கம் திருப்பினார்.

"அண்ணை, நீங்கள் பாத்தது காத்துக் குமிழ். குஞ்சு இஞ்சாலை இருக்கு."